பிழையைத் திருத்திக் கொடுக்காதீர்கள், படிக்கச் சொல்லிக்கொடுங்கள்



போன மாதம் என் தம்பி பேத்தியின் காதணி விழாவுக்கு வந்தவர்கள், மொய் எழுதும் இடத்தில் நோட்டுக்குப் பதில் மடிக்கணினி இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஓடிய நிரலை எழுதியது நான்தான். "டீச்சர், நீங்களா? இந்த வயசுலயா?" என்று பலர் கேட்டீர்கள். அதைவிட அதிகம் பேர், "அன்னைக்கு நடுவுல ஏதோ குழப்பமாமே?" என்றும் கேட்டீர்கள். இரண்டுக்கும் சேர்த்து இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக நிரல் எழுதும் பிள்ளை பிழையோடு வந்து நின்றால் நாம் உடனே அதைத் திருத்திக் கொடுத்துவிடுகிறோம். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அதையே நொடியில் செய்கின்றன. அது உதவியே இல்லை என்பது என் கருத்து. பிழையைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் உதவி. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் எழுதியது பைத்தான் மொழியில். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் இருக்கிறதே, அதே பைத்தான்தான். பேத்தியின் பாடப்புத்தகத்தை எடுத்துப் புரட்டியதில் ஆரம்பித்த ஆசை. சன்னல், பெட்டி, பொத்தான் எல்லாம் வைத்துச் செயலி எழுத டிகின்டர் என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸில் பைத்தானை நிறுவும்போதே கூட வந்துவிடும். காசு கிடையாது.

முதல் பிழை கூட்டலில் வந்தது. பழகுவதற்காக இரண்டு பெட்டி வைத்து, ஒன்றில் 501, இன்னொன்றில் 1001 போட்டுக் கூட்டச் சொன்னேன். 5011001 என்று வந்தது! ஐம்பது லட்சத்துப் பதினோராயிரத்து ஒன்று. அவ்வளவு மொய் வந்தால் நன்றாகத்தான் இருக்கும். விஷயம் என்னவென்றால், பெட்டியில் எதைத் தட்டச்சு செய்தாலும் கணினிக்கு அது எழுத்துதான். இரண்டு எழுத்துச் சரங்களைக் கூட்டு என்றால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துவிடும். 'இது எண்' என்று இன்ட் போட்டு நாம்தான் மாற்றித் தர வேண்டும். மாற்றினேன். உடனே அடுத்தது வந்தது. தொகைப் பெட்டி காலியாக இருந்தாலோ, 1,001 என்று நடுவில் காற்புள்ளி போட்டாலோ, 'வேல்யூ எரர்'. எண்ணாக மாற்ற முடியாததை மாற்றச் சொல்கிறாய் என்று அர்த்தம். அப்படி வந்தால் 'தொகையை எண்ணில் மட்டும் எழுதவும்' என்று காட்டும்படி செய்தேன்.

இரண்டாவது, பொத்தான். அழுத்தாமலேயே சன்னல் திறக்கும்போது ஒரு தடவை வேலை நடந்தது. பிறகு எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. காரணம் ஒரு பிறை அடைப்புக்குறி. பொத்தானிடம் வேலையின் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டால் 'இப்போதே செய்' என்று ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனிடம் "நாலு மணிக்கு மணி அடிடா" என்று சொல்லி அனுப்பினால், அவன் நேராகப் போய்க் காலையிலேயே அடித்துவிட்டு, நாலு மணிக்குச் சும்மா உட்கார்ந்திருப்பானே, அதே கதை. புதிதாக எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு தடவையாவது இதில் விழுந்து எழுவார்கள்.

மூன்றாவதில்தான் நான் பாடம் கற்றேன். ஆங்கிலத்தில் பெயர் எழுதிச் சேமித்தால் சேமிக்கிறது. 'முத்துலட்சுமி, உசிலம்பட்டி' என்று தமிழில் எழுதினால் கோப்பில் ஒன்றுமே இல்லை. சன்னலும் எந்தக் குறையும் சொல்லாமல் சும்மா நிற்கிறது. சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் போட்டேன். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான்.

"டீச்சர், பின்னாடி ஒரு கறுப்பு சன்னல் இருக்கும் பாருங்க. அதுல என்ன வந்திருக்கு?"

"ஏதோ எரர்னு நிறைய வந்திருக்குப்பா."

"ஏதோன்னு சொன்னா எப்படி டீச்சர்? கடைசி வரியை வாசிங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. விடையைச் சொல்லாமல் என்னை வாசிக்கச் சொல்கிறானே என்று. ஆனாலும் வாசித்தேன். யூனிகோடு என்கோடு எரர், சார்மேப், இந்த எழுத்தை மாற்ற முடியவில்லை. "இப்ப அதுக்கு மேல இருக்கற வரி எண்ணைப் பாருங்க. அங்க என்ன எழுதியிருக்கீங்க?" கோப்பில் எழுதும் வரி. "எந்த எழுத்து முறையில திறக்கணும்னு சொன்னீங்களா?" சொல்லவில்லை. நான் சொல்லாததால் விண்டோஸ் தன் பழைய மேற்கத்திய எழுத்து அட்டவணையை எடுத்துக்கொண்டது. அதில் தமிழுக்கு இடமே இல்லை. யூடிஎஃப்-8 என்று ஒரு வார்த்தை சேர்த்தேன், முத்துலட்சுமி வந்துவிட்டாள். பிறகு அந்தக் கோப்பை எக்செல்லில் திறந்தபோது தமிழ் கோணல் மாணலாகத் தெரிந்தது. அதற்கு யூடிஎஃப்-8-சிக் என்று போட வேண்டும் என்பதை நானே தேடிக் கண்டுபிடித்தேன். முந்தின வாரம் என்றால் அதற்கும் போன் போட்டிருப்பேன்.

இனி விழா நாள் குழப்பம். ஒவ்வொரு மொய்யும் ஏறியதும் 'பதிவாகிவிட்டது' என்ற செய்தி மூன்று நொடி தெரிந்து மறைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். செய்தியைக் காட்டு, மூன்று நொடி தூங்கு, செய்தியை அழி. இதற்கு டைம் ஸ்லீப் என்ற கட்டளையைப் போட்டேன். படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சன்னல் உள்ள செயலி எப்போதும் ஒரு சுற்றில் ஓடிக்கொண்டே இருக்கிறது. யார் எதை அழுத்தினார்கள் என்று பார்ப்பதும், திரையில் மாற்றத்தை வரைவதும் அந்தச் சுற்றின் வேலை. தூங்கு என்றால் அந்தச் சுற்றே தூங்கிவிடும். செய்தியை வரையக் கூட ஆள் இல்லை. விழித்து வரைய வருவதற்குள் செய்தி அழிந்திருக்கும்.

வீட்டில் சோதித்தபோதும் செய்தி தெரியவில்லை. 'கணினி பழசு' என்று விட்டுவிட்டேன். அது என் தவறு.

விழாவில் வரிசை நீண்டது. மொய் எழுத உட்கார்ந்த அண்ணன் மகன் பொத்தானை அழுத்தினான், செய்தி வரவில்லை. மறுபடி அழுத்தினான். மறுபடியும். தூங்கும் நேரத்தில் அழுத்திய அழுத்தங்கள் எல்லாம் வரிசையில் காத்திருந்து, விழித்ததும் ஒவ்வொன்றாக நடந்தன. ஒருவர் மொய் மூன்று தடவை ஏறியது. மதியம் பணத்தை எண்ணினால் நிரல் சொன்ன தொகையைவிட 14,000 ரூபாய் குறைவு. என் தம்பி முகம் வெளிறிவிட்டது.

நம் பக்கத்தில் மொய் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். கூட்டி எழுதினால் நாளை வாங்காத பணத்தைத் திருப்ப வேண்டும், குறைத்து எழுதினால் உறவே போய்விடும். நல்லவேளை, என் வீட்டுக்காரர் என்னை நம்பாமல் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டிலும் எழுதிக்கொண்டிருந்தார். இரவு பதினொரு மணி வரை ஒப்பிட்டுச் சரிசெய்தோம். யாருடைய கணக்கும் தவறவில்லை என்று இதன்மூலம் உறுதி சொல்கிறேன். இப்போது தூங்கச் சொல்வதை எடுத்துவிட்டு, ஆஃப்டர் என்ற கட்டளையைப் போட்டிருக்கிறேன். 'நீ உன் வேலையைப் பார், மூன்று நொடி கழித்து இதைச் செய்' என்று சொல்வது அது. பதிவானதும் பெட்டிகளையும் உடனே காலியாக்கிவிடுகிறேன்.

என் பேத்தியும் இதேபோல ஒரு செயலி செய்தாள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு இரண்டு நிமிடத்தில் வாங்கினாள். அழகாக ஓடியது. ஊர்ப் பெயரை முதலில் வை என்று சொன்னேன், எந்த வரியைத் தொடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கருவியை நான் குறை சொல்லவில்லை. அதனிடம் "சரி செய்து கொடு" என்று கேட்காமல் "இந்தக் கடைசி வரிக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கலாமே.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு விஷயம் மனதை அறுக்கிறது. மூன்றாம் வகுப்பில் 35-உடன் 7 கூட்டச் சொன்னால் 312 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஆண்டும் இருந்தார்கள். ஐந்தும் ஏழும் பன்னிரண்டு, அதை மூன்றுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். என் கணினி செய்ததும் கிட்டத்தட்ட அதுதானே? அந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டல் தெரியும், இடமதிப்புதான் தெரியாது. நான் என்ன செய்தேன்? சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 42 என்று எழுதிக் கொடுத்தேன். சில பேருக்குக் கையில் ஒரு அடியும் விழுந்தது. எந்த வரியில் தவறினாய் என்று கணினி எனக்குச் சொல்கிறது. நான் உங்களுக்கு அதைக்கூடச் சொல்லவில்லை. எப்படி 312 வந்தது, சொல்லு என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். அந்த வரிசையில் இருந்தவர்கள் இதைப் படித்தால், டீச்சரை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு "ஓட மாட்டேங்குது" என்று வந்தால், விடை தெரிந்திருந்தாலும் இரண்டு நிமிடம் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். கடைசி வரியை வாசிக்கச் சொல்லுங்கள். எந்த வரி எண் என்று கேளுங்கள். கடைசியாக எதை மாற்றினாய் என்று கேளுங்கள். விடை தெரியாத அப்பா அம்மாவும் இந்த மூன்றையும் கேட்கலாம்.

அடுத்த மாதம் இன்னொரு விசேஷம் வருகிறது. நிரல் தயார். என் வீட்டுக்காரர் நோட்டும் தயாராக இருக்கிறது.

வாழ்க வளமுடன்.