பள்ளி இல்லாத வீட்டில் பகல் யாருடையது?

மும்பையைச் சேர்ந்த மாளவிகா ராஜ் ஜோஷி 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சேர்ந்தபோது, பத்தாம் வகுப்புச் சான்றிதழ்கூட இல்லாத பெண் என்று நாடு முழுவதும் பேசப்பட்டார். ஏழாம் வகுப்பில் பள்ளியை விட்டு நின்று வீட்டில் படித்தவர். சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வாங்கியவர். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி. அவருக்கு எட்டவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், பாடத்திட்டம் எதுவும் வைக்காமல், அவர்கள் போக்கில் கற்கவிடும் 'அன்ஸ்கூலிங்' பற்றிப் பேச்சு எழுந்தால் இந்தப் பதக்கங்களைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அதே செய்தியில் இருந்த இன்னொரு விவரத்தை யாரும் சொல்வதில்லை: மகளுக்காக அவருடைய தாய் தம் வேலையை விட்டார். சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பள்ளியில்லாமல் வளர்க்கலாமா என்ற கேள்விக்கு அங்கேதான் விடை தேட வேண்டும் என்று கருதுகிறேன். பெரியவர்களின் நேரமே இந்தக் கல்வியின் மூலதனம். மும்பையில் அதைப்போல ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்ட பொருள் வேறில்லை.

அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட் 1970களில் 'அன்ஸ்கூலிங்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அன்றாட வாழ்க்கையே குழந்தைக்குப் போதிய பாடம் என்பது இதன் அடிப்படை. அதில் உண்மை இருக்கிறது. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் அளந்துபோடும் ஐந்து வயதுப் பிள்ளை விகிதத்தைக் கையால் தெரிந்துகொள்கிறது. மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணிப் பார்ப்பது கழித்தல் கணக்கு. பெஸ்ட் பஸ்ஸின் நெற்றியில் தேவநாகரியில் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்துவிட்டால் மராத்திக்கு முதல் படி ஏறியாயிற்று. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் அவசரமில்லாத ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சிந்திய அரிசியை அள்ள, சில்லறை எண்ணி முடியும்வரை நிற்க, தவறிய பஸ்ஸுக்கு அடுத்ததைப் பார்த்துக் காத்திருக்க. செம்பூரிலிருந்து லோக்கல் ட்ரெயின் பிடித்து வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் தகப்பனால் அது ஆகாது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்களோ 88 நிமிடம்தான். இப்படிப்பட்ட வீட்டில் பள்ளி நேரமும் சேர்ந்துகொண்டால் அது யார் தலையில் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளை தானாகக் கற்கும், பெரியவர் கூடவே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை என்று இதற்கு மறுமொழி சொல்கிறார்கள். தோட்டமும் முற்றமும் உள்ள வீட்டுக்கு அது பொருந்தலாம். ஒரு படுக்கையறை பிளாட்டில், கீழே இறங்கினால் வண்டி ஓடும் தெருவில், ஆறு வயதுப் பிள்ளையைத் தன்போக்கில் விடுவதென்றால் கையில் செல்போனைக் கொடுப்பது என்றுதான் சில வாரங்களில் ஆகிவிடும். தாத்தா பாட்டி இருக்கிறார்களே என்பது அடுத்த பதில். கதையும் பாட்டும் தமிழும் அவர்களிடமிருந்து வருவது பெரும் செல்வம், மறுக்கவில்லை. ஆனால் முழங்கால் வலியோடு இருக்கும் எழுபது வயதுப் பாட்டியிடம் முழுநாளையும் ஒப்படைத்துவிட்டு அதற்குக் குழந்தையின் சுதந்திரம் என்று பெயர் சூட்டுவது நியாயமில்லை.

தாராவியில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. அங்கே பல வீடுகளில் வாழுமிடமும் தொழில் நடக்குமிடமும் ஒரே அறை. இட்லி அவித்து நகரமெங்கும் அனுப்பும் தமிழ்க் குடும்பங்களில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. வீட்டுவேலையே பாடம் என்ற கொள்கை அங்கே நுழைந்தால், பாடம் எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்று யார் பார்ப்பது? 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்கு உட்பட்டவர்கள் அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் மட்டுமே. பள்ளி இல்லையென்றால் அந்த வரம்புக்கே பொருளில்லை. மூத்த பெண் குழந்தை தம்பி தங்கைக்குத் தாயாகிவிடுவாள். பள்ளியில் கிடைக்கும் மதிய உணவும் போகும். ஆகவே வசதியுள்ள சில குடும்பங்களின் அனுபவத்தைக் காட்டி, மாநகராட்சிப் பள்ளிகள் தேவையா என்று கேட்பவர்களை நான் உறுதியாக எதிர்க்கிறேன்.

அப்படியானால், மூன்று வயதிலேயே எழுதச் சொல்லி, டியூஷனுக்குத் துரத்தி, கேள்வி கேட்கும் பிள்ளையை வாயடைக்கும் பள்ளிகளைச் சகித்துக்கொள்வதா? அந்தக் கோபம் நியாயமானது. அதற்கு வழியும் இந்த மாநிலத்திலேயே கண்டறியப்பட்டிருக்கிறது. தாராபாய் மோடக் 1945இல் மும்பைக்கு வடக்கே போர்டியில் கிராமக் குழந்தைகளுக்கான கல்வி மையத்தைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருடன் சேர்ந்தார். பிள்ளைகள் வகுப்புக்கு வராவிட்டால் வகுப்பு அவர்கள் முற்றத்துக்குப் போனது. மாடு மேய்க்கும் பிள்ளைகளைத் தேடிப் புல்வெளிக்கும் போனது. அரை நூற்றாண்டுக்குப் பின், 1995 வாக்கில், பிரதம் அமைப்பு மும்பைக் குடிசைப் பகுதிகளில் பால்வாடிகளைத் தொடங்கியபோது கட்டடத்துக்குக் காத்திருக்கவில்லை. கோயிலிலும் வீட்டிலும் கிடைத்த இடத்தில் அந்தப் பகுதிப் பெண்களே நடத்தினார்கள். விளையாட்டும் தாய்மொழியும் சுற்றுப்புறமும் பாடமாக இருந்தும், பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒரே தாயின் மேல் விழவில்லை என்பதே இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. செம்பூரிலோ மாட்டுங்காவிலோ ஒரே கட்டடத்து நான்கு குடும்பங்கள் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் இதே காரியம் நடக்கும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாக்குகிறது. மீறினால் தண்டனை எதையும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. பள்ளிக்கே போகாத பிள்ளையும் பின்னர் தன் வயதுக்குரிய வகுப்பில் சேரலாம் என்று அதன் நான்காம் பிரிவு உரிமை தருகிறது. எனவே எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள வழியுண்டு. பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள நினைக்கும் பெற்றோர், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை எந்த மணி யாருடைய பொறுப்பு என்று முதலில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளில் தகப்பன் பெயர் ஓரிடத்திலும் வரவில்லையென்றால், பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்புங்கள்.