20 வருஷ பழைய பைக்குக்கு எந்த சைஸ் டயர்? டயர் கடைக்குப் போகும் முன் இதைப் படிங்க

பழைய பைக் வைத்திருப்பவர்களுக்கு 2025-ஆம் ஆண்டு ஒரு கையால் கொடுத்து, மறு கையால் எடுத்துக்கொண்ட ஆண்டு. ஆகஸ்ட் மாதம், 20 ஆண்டுகளைத் தாண்டிய இருசக்கர வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2,000 ரூபாயாக உயர்த்தியது. அடுத்த மாதமே, செப்டம்பர் 22 முதல், டயர்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது.

ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டப் போகும்போது பெரும்பாலும் முதலில் மாட்டுவது டயர்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வாகன டயரின் பட்டன் ஆழம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கார்களுக்கு இது 1.6 மில்லிமீட்டர். மொட்டை டயரோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சரி, புது டயர் போடலாம் என்று கடைக்குப் போனால் அங்கே அடுத்த சிக்கல். "அந்த சைஸ் இப்ப வர்றதே இல்லை சார், இதைப் போட்டுக்கோங்க, இன்னும் அகலமா கெத்தா இருக்கும்" என்பார் கடைக்காரர். போடலாமா?

டயர் மேல் இருக்கும் எண் என்ன சொல்கிறது?

பழைய வண்டிகளின் டயர் கணக்கு இன்ச்சில் இருக்கும். பழைய புல்லட் 350-ல் முன்னும் பின்னும் 3.25-19. அதாவது டயரின் அகலம் 3.25 இன்ச், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 19 இன்ச். உயரம் பற்றி அதில் எதுவும் இருக்காது. உயரமும் கிட்டத்தட்ட அகலத்துக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18. முதலில் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டருக்கு இரண்டு பக்கமும் 2.75-18.

இப்போது வரும் டயர்களில் பெரும்பாலும் 90/90-19 என்ற மாதிரி எண்கள். முதல் 90 என்பது மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது 90 மில்லிமீட்டர் அல்ல, சதவீதம். அகலத்தில் 90 சதவீதம் உயரம், அதாவது 81 மில்லிமீட்டர். கடைசி 19 மட்டும் பழையபடி இன்ச்சில் ரிம் அளவு. ஒரே எண்ணில் மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் என மூன்றையும் கலந்து வைத்தவர்களை என்ன சொல்வது!

கணக்குப் போட்டுப் பார்த்தால் 3.25-19 டயரின் மொத்த உயரம் சுமார் 648 மில்லிமீட்டர். 90/90-19 டயருக்கு சுமார் 645. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கிளாசிக் 350-ன் முன் சக்கரத்துக்கு ராயல் என்ஃபீல்டு நிறுவனமே 90/90-19 கொடுத்திருக்கிறது. ஸ்ப்ளெண்டரும் அப்படித்தான், இப்போதைய ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸில் இரண்டு சக்கரத்துக்கும் 80/100-18. ஆக, பழைய எண் கிடைக்கவில்லை என்றால், அதே வரிசையில் பின்னால் வந்த வண்டிக்கு அந்த நிறுவனம் என்ன சைஸ் கொடுத்தது, ரிம் அளவு மாறவில்லையா என்று பார்ப்பது நம்பகமான வழி. இணையத்தில் சுற்றும் மாற்று அட்டவணைகள் ஒன்றுக்கொன்று முரண்படும். இன்ச் டயர்களின் நிஜ அகலம் எழுதியிருப்பதை விடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுதான் காரணம்.

அகலமாகப் போட்டால் கிரிப் கூடுமா?

பலருடைய ஆசையே இதுதான். ஆர்எக்ஸ் 100-ன் பின் சக்கரத்தில் 100/90-18 போட்டு ஓட்டுபவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது வேறு.

முதல் பிரச்சினை ரிம். 18, 19 என்பது ரிம்மின் விட்டம் மட்டுமே. ரிம்முக்கு அகலமும் உண்டு. பழைய ஸ்போக் வீல்களில் அது 1.60 அல்லது 1.85 இன்ச். டபிள்யூஎம்1, டபிள்யூஎம்2 என்று ரிம்மில் குத்தியிருப்பது இதைத்தான். புல்லட்டின் ரிம் டபிள்யூஎம்2, அதாவது 1.85. குறுகிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் அதன் இரண்டு ஓரமும் உள்நோக்கி இழுபடும், நடுப்பகுதி முட்டை மாதிரி கூம்பும். நேராகப் போகும்போது சாலையைத் தொடுவது நடுவில் உள்ள கொஞ்சம் ரப்பர்தான். காசு கொடுத்து வாங்கிய அகலம் சும்மா காற்றில் நிற்கும். வளைவில் சாய்க்கும்போது டயர் பக்கவாட்டில் நெளிவதை உட்கார்ந்திருப்பவர் உணர முடியும்.

அடுத்தது உயரம். 2.75-18 கணக்குப்படி சுமார் 597 மில்லிமீட்டர், 100/90-18 சுமார் 637. கிட்டத்தட்ட 7 சதவீதம் அதிகம். சக்கரம் பெரிதானால் பின்னால் சின்ன ஸ்ப்ராக்கெட் போட்ட மாதிரிதான், பிக்கப் குறையும். அதுவும் 98 சிசி, 11 குதிரைத்திறன் வண்டியில் 7 சதவீதம் சின்ன விஷயம் இல்லை. ஏற்காடு மலையில் ஆள் வைத்து ஏறும்போது கியரைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

முன் சக்கரத்தில் இதைச் செய்தால் இன்னொரு ஆபத்தும் சேரும். இந்த வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்தில் இருந்துதான் வருகிறது. பெரிய டயர் போட்டால் அதே தூரத்துக்குச் சக்கரம் குறைவாகச் சுற்றும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி அதற்கு மேல் போய்க்கொண்டிருக்கும். நிறுத்த இருப்பதோ பழைய டிரம் பிரேக்.

செயின், ஸ்விங் ஆர்ம், மட்கார்டு இடைவெளியைக் கடையில் காலி வண்டியில் பார்த்துவிட்டு "உரசலை" என்பார்கள். பின்னால் ஆள் உட்கார்ந்து, ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போதுதான் விஷயம் தெரியும்.

46பி, 54பி: யாரும் பார்க்காத எண்

சைஸுக்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கும் இந்த எண், என்னைக் கேட்டால், அகலத்தை விட முக்கியம். 46 என்றால் அந்த டயர் தாங்கும் எடை 170 கிலோ. 54 என்றால் 212 கிலோ. பி என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை என்பதைக் குறிக்கும். எல் என்றால் 120, ஜே என்றால் 100.

சுமார் 170 கிலோ எடையுள்ள புல்லட்டில் 70 கிலோ ஆட்கள் இரண்டு பேர் ஏறினால் மொத்தம் 310. பின்னால் ஆள் இருக்கும்போது அதில் ஏறக்குறைய 60 சதவீதம் பின் சக்கரத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் 186 கிலோ. அங்கே 46 எண் போட்ட டயர் தாங்காது. அதில் கேஸ் சிலிண்டரையோ அரிசி மூட்டையையோ சேர்த்துக் கட்டினால் கேட்கவே வேண்டாம். சைஸ் சரியாகப் பொருந்தியும் டயர் தவறாக இருப்பது இப்படித்தான். பழைய டயர்களில் இந்த எண்ணுக்குப் பதில் 4பிஆர், 6பிஆர் என்று இருக்கும். 6பிஆர் இருந்த பின் சக்கரத்துக்கு 4பிஆர் வாங்காதீர்கள்.

புது டயர் நிஜமாகவே புதுசா?

அதிகம் விற்காத பழைய சைஸ் என்பதால் கடையில் வருஷக்கணக்கில் தூங்கிய சரக்கு கைக்கு வர வாய்ப்பு உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் முழுசாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். மழையில் அந்த டயர் சாலையைப் பிடிக்காது. ஷெட்டில் நிற்கும் வண்டியின் டயருக்கும் இதே கதைதான். எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஸ்போக் வீலில் டியூப்லெஸ் டயரை டியூப் இல்லாமல் மாட்ட முடியாது, ஸ்போக் ஓட்டைகள் வழியாகக் காற்று போய்விடும். உள்ளே டியூப் போட்டால் ஓடும். ஆனால் பஞ்சரானால் அது டியூப் டயர் மாதிரிதான் சட்டென்று காற்று இறங்கும்.

சட்டச் சிக்கல் வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என 182ஏ பிரிவு சொல்கிறது. 3.25-க்குப் பதில் 90/90 போட்டதற்கு யாரும் மடக்கப் போவதில்லை. ரிம்மையே மாற்றி, ஸ்விங் ஆர்மை வெட்டி, 130 டயர் ஏற்றியிருந்தால் கதை வேறு. சாலைச் சோதனையில் தப்பினாலும், ஒரு விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வண்டியைப் பார்க்கும்போது முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

கடைக்குப் போகும்போது பழைய டயரின் சைஸை மட்டும் நம்பிப் போக வேண்டாம். முந்தைய ஓனர் ஏற்கெனவே மாற்றி வைத்திருக்கலாம். வண்டியோடு வந்த கையேடு, இல்லையென்றால் செயின் கவர் ஸ்டிக்கர், ரிம்மில் குத்திய எண் ஆகியவற்றை போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.