கடனோடு கப்பல் ஏறாதே!

என் அக்கா மகன் அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தில் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு போன்.

“மாமா, வீட்டைக் காலி பண்ணிடப் போறேன். ஒரு பாய்மரப் படகு வாங்கி அதுலயே குடியிருக்கப் போறேன். அம்மாகிட்ட நீங்கதான் பக்குவமா சொல்லணும்.”

பக்குவமாகத்தான் சொன்னேன். அக்கா அழுதாள். “தண்ணியில போய் படுக்கறதுக்கா இவனை எம்.எஸ். படிக்க வெச்சேன்?” என்றார் அத்தான். பையனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று குடும்பமே கூடித் தீர்ப்பு எழுதிவிட்டது.

அந்தத் தீர்ப்பில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவன் இருக்கும் பக்கம் செசபீக் விரிகுடா. அதன் கரையில் அனாபொலிஸ் என்று ஒரு ஊர். நம் ஊரில் புத்தகக் கண்காட்சி மாதிரி, அங்கே வருஷா வருஷம் அக்டோபரில் படகுக் கண்காட்சி. படகிலேயே குடித்தனம் நடத்தும் தம்பதிகள், வேலையை விட்டுவிட்டுக் குழந்தை குட்டிகளோடு கிளம்பிப் போகிறவர்கள் எல்லாம் அங்கே அதிசயப் பிறவிகள் இல்லை. படுக்க ஒரு கட்டில், சமைக்க ஒரு அடுப்பு, ஒரு கழிப்பறை. மனுஷனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்தில். “பணத்துக்கு என்னடா பண்றே?” என்று கேட்டேன்.

“லோன்தான் மாமா. இருபது வருஷம்.”

கார் லோன் ஏற்கெனவே ஓடுகிறது. இரண்டு கிரெடிட் கார்டுகளில் பாக்கி. வட்டி இருபது சதவிகிதத்துக்கு மேல். சரி, வீட்டுச் சாமான்கள்? “ஸ்டோரேஜ்ல வாடகைக்கு ஒரு ரூம் எடுத்துப் போட்டுடுவேன்.” அதாவது, இவன் கடலில் எளிமையாக வாழும்போது, இவனுடைய சோபா கரையில் மாச வாடகை கொடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்தும்!

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? அக்காவும் அத்தானும் படகைத்தான் எதிர்த்தார்கள். லோனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பையனுக்கோ படகைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது. லோன் அவனுக்கும் ஒரு விஷயமாகவே படவில்லை. எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு தலைமுறையும் ஒற்றுமையாக இருக்கும் ஒரே இடம் இதுதான்.

லோன் போட்டுப் படகு வாங்கினால் என்ன ஆகும் என்று அவனுக்கு விளக்கினேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

கடன் கொடுத்தவன், படகு மூழ்கினாலும் தன் பணம் மூழ்கக் கூடாது என்பதற்காக முழு இன்ஷூரன்ஸ் கேட்பான். இன்ஷூரன்ஸ் கம்பெனி சும்மா இருக்குமா? படகை நிபுணரை வைத்துப் பரிசோதித்துச் சான்று கொடு என்னும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், இந்த எல்லைக்குள் வராதே என்னும். முழுநேரமும் படகில் குடியிருக்கப் போகிறேன் என்று சொன்னால், கடனே தர மாட்டோம் என்கிற பேங்குகளும் அங்கே உண்டு. ஆக, பாயை விரிப்பது நீங்கள். எந்தத் திசையில், எந்த மாதத்தில், எவ்வளவு தூரம் என்று முடிவு செய்வது எங்கோ ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். இதற்குப் பெயர் சுதந்திரமா?

தவணையோடு செலவு முடிந்துவிடுவதும் இல்லை. படகு என்பது தண்ணீரில் உள்ள ஓட்டை, அதில் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று படகுக்காரர்களே கிண்டல் செய்வார்கள். படகு விலையில் பத்தில் ஒரு பங்கு வருஷா வருஷம் பராமரிப்புக்கே போகும் என்பது அவர்களுடைய தோராயக் கணக்கு. வாங்கிய நாளிலிருந்து படகின் விலை இறங்கும். கடன் மட்டும் நின்று நிதானமாக இறங்கும்.

அரசாங்கமும் இதற்கு உடந்தை. படுக்க, சமைக்க வசதியும் கழிப்பறையும் இருந்தால் அமெரிக்க வருமான வரிச் சட்டம் படகை வீடு என்றே ஏற்றுக்கொள்கிறது. வீட்டுக் கடன் வட்டிக்கு உள்ள வரிச் சலுகை, சில நிபந்தனைகளோடு படகுக் கடன் வட்டிக்கும் உண்டு. சேர்த்து வைத்து வாங்கினால் இந்தச் சலுகை கிடையாது. கடன் வாங்கினால்தான் உண்டு. எப்படி இருக்கிறது நியாயம்?

கடனைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போன ஒரு மனுஷனின் கதையையும் மருமகனுக்குச் சொன்னேன். டொனால்ட் குரோஹர்ஸ்ட். ஆங்கிலேயர். பிறந்தது 1932-ல் நம் காஸியாபாத்தில். 1968-ல் லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை ஒரு போட்டி வைத்தது. தன்னந்தனியாக, எங்கும் நிற்காமல் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வர வேண்டும். பரிசு 5,000 பவுண்டு. குரோஹர்ஸ்ட்டின் தொழில் அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. பணம் போட்ட ஒருவரிடம் வீட்டையும் தொழிலையும் அடமானமாக வைத்துப் படகு கட்டினார். பாதியில் திரும்பினால் எல்லாம் போய்விடும். படகோ அரைகுறை. இருந்தாலும் கெடுவின் கடைசி நாளான அக்டோபர் 31 அன்று கிளம்பினார்.

படகு ஒழுகியது. முன்னே போனால் தென் கடல் விழுங்கிவிடும். பின்னே போனால் கடன் விழுங்கிவிடும். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றி வருவதாக ரேடியோவில் பொய் சொல்ல ஆரம்பித்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக விலக, இவர் ஜெயித்துவிடும் நிலைமை வந்தது. ஜெயித்தால் குறிப்பேடுகளைப் பரிசோதிப்பார்கள். 1969 ஜூலை 10-ம் தேதி படகு மட்டும் கிடைத்தது. அதில் ஆள் இல்லை. கரையில் மனைவியும் நாலு குழந்தைகளும் காத்திருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் கடன்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். மனுஷ மனசு அவ்வளவு எளிதான கணக்கு அல்ல. ஆனால் ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் உரிமையை அவரிடமிருந்து பறித்தது அந்த அடமானப் பத்திரம்தான்.

அதே போட்டியில் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் என்ற இளைஞர் நம் பம்பாயில் கட்டிய 32 அடி தேக்குப் படகில் போனார். புதுப் படகு கட்டத்தான் ஆசை. பணம் புரளவில்லை. இருந்த படகையே எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தது அவர் ஒருவர்தான். அந்த 5,000 பவுண்டை அப்படியே குரோஹர்ஸ்ட் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அதே 1968-ல் கலிபோர்னியாவில் லின், லாரி பார்டி என்ற இளம் தம்பதி ஒரு படகைக் கடலில் இறக்கினார்கள். 24 அடி நீளம். லாரி தன் கையாலேயே கட்டியது. இன்ஜின் கிடையாது. மண்ணெண்ணெய் விளக்குதான். பதினோரு வருஷம் நிதானமாக உலகைச் சுற்றினார்கள். காசு தீர்ந்த ஊரில் மற்றவர் படகுகளைப் பழுது பார்த்தார்கள். அனுபவங்களை எழுதினார்கள். கொஞ்சம் சேர்ந்ததும் பாயை விரித்தார்கள். சின்னதாக, எளிமையாக இருந்தால் சீக்கிரம் கிளம்பலாம் என்பதுதான் அவர்கள் ஆயுசு முழுக்கச் சொன்ன பாடம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பாட்டிகள் சொன்னதுதான்.

இதையெல்லாம் படிக்கும் சிலருக்குக் கோபம் வரலாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பிள்ளை படிப்புக்கும் கடன் வாங்கினவன் என்ன செய்வான்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. அது வேறு வழியில்லாமல் பட்ட கடன். நான் கேட்பது, எளிமையைக்கூடத் தவணையில் வாங்க நினைப்பவர்களை.

மருமகனிடம் சொன்னது இதுதான். முதலில் வட்டி அதிகமுள்ள கார்டை அடை. அப்புறம் அடுத்தது. பிறகு கார். ஸ்டோரேஜ் ரூம் வேண்டாம், சாமான்களை விற்றுவிடு. கரையிலேயே ஒரு வருஷம் படகுச் செலவுக்குள் வாழ்ந்து பார். மிச்சமாகிற காசில் எத்தனை அடிப் படகு வருகிறதோ அதை வாங்கு. நாற்பது அடி வராது. பழைய படகுதான் வரும். வரட்டுமே! அது முழுசாக உன்னுடையது.

ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. “அப்ப எப்ப மாமா கிளம்பறது?” என்றான்.

“நீ இப்பவே கிளம்பியாச்சுடா” என்றேன்.

போன வாரம் போன் வந்தது. சோபாவை விற்று, ஒரு கார்டை முழுசாக அடைத்துவிட்டானாம். குரலில் அப்படியொரு துள்ளல். அக்காவிடம் சொன்னேன். “அப்ப நிஜமாவே போயிடுவானா?” என்று மறுபடியும் அழுதாள்.

போகாமலும் இருக்கலாம் அக்கா. எல்லாவற்றையும் அடைத்த பிறகு அவனுக்குக் கடல் ஆசையே விட்டுப் போகலாம். அப்படி ஆனாலும் நஷ்டமில்லை. போகவும், போகாமல் இருக்கவும், போன வழியே திரும்பி வரவும் அவன் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இப்போது உன் தெருவில் அப்படி இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லேன்.