அடுப்பை யார் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பட்டணத்திலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எங்க வீட்டில் சாப்பிட்டால் ஒரு வார்த்தை தவறாமல் சொல்வார்கள்: "வெறகடுப்புல வச்ச கொழம்புன்னா ருசியே தனிதான்." போன பொங்கலுக்கு வந்த மருமகன் முறைப் பையன் ஒருத்தன், "மாமா, நானும் மாடியில ஒண்ணு கட்டப்போறேன், யோசனை சொல்லுங்க" என்றான். அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ருசி இருக்கட்டும். முதலில் புகையைப் பேசுவோம்.

மூணு வருஷத்துக்கு முன்னால் எங்க வீட்டம்மாவுக்கு இருமல் விடவே இல்லை. டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்ல யாராவது பீடி, சிகரெட் குடிக்கிறீங்களா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப வெறகடுப்பா?" என்றார். "முப்பது வருசமா" என்று அவள் பதில் சொன்னாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அந்த முப்பது வருஷத்தில் கிணற்றுக்கு ரெண்டு தடவை மோட்டார் மாற்றியிருக்கிறேன். மாட்டுக்கொட்டத்துக்குத் தகரம் போட்டிருக்கிறேன். சமையல்கட்டில் புகை வெளியே போக ஒரு குழாய் வைக்க மட்டும் தோணவில்லை. ஊதுறது நான் இல்லையே!

"அதான் கேஸ் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. காபிக்கும் தோசைக்கும் அவசரத்துக்கும் அதுதான். ஆனால் குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, பத்துப் பேர் வந்தால் சோறு, எல்லாத்தையும் அதிலேயே செய்தால் 14.2 கிலோ சிலிண்டர் எத்தனை நாள் தாங்கும்? காட்டில் பருத்திமார் சும்மா கிடக்கிறது. ஓடை நெடுக சீமைக்கருவேலம். காசு கொடுக்காமல் கிடைப்பதை எரிக்கத்தான் செய்வோம். அதனால் விறகா கேஸா என்பது எங்களுக்குக் கேள்வியே இல்லை. விறகைப் புகையில்லாமல் எரிப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில், அவளைக் கேட்காமலே கடையில் ஒரு இரும்பு அடுப்பு வாங்கிவந்தேன். நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் விரல் தண்டிக்கு விறகை நறுக்கிப் போடணும். பெரிய பானை வைத்தால் ஆடியது. நாலு நாளில் அது கோழி அடைகாக்கும் இடமாகிவிட்டது. "அடுப்பு முன்னால உக்காருறது நானு. என்னைக் கேட்டீகளா?" என்றாள். நியாயம்தானே.

பிறகு அவள் சொன்னபடி கட்டினோம். எங்க கரிசல் மண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதனால் புற்றுமண் கொண்டுவந்து உமியும் சாணியும் சேர்த்துப் பிசைந்து ரெண்டு நாள் புளிக்க வைத்தோம். ஒரு வாயில் தீ. அதன் சூடு உள்வழியாகப் பக்கத்துக் கொடியடுப்புக்குப் போய், அங்கிருந்து நாலு இஞ்சு குழாய் வழியே கூரைக்கு மேலே ரெண்டடி உயரத்தில் வெளியேறும். மழை இறங்காமல் மேலே ஒரு மூடி. முழங்கால் வலிக்கிறது என்பதால் தரையில் வேண்டாம், நின்று சமைக்கிற உயரத்தில் வேண்டும் என்றாள். அப்படியே செய்தோம். கொடியடுப்பில் சூடு கம்மி. வெந்நீருக்கும் பருப்புக்கும் அது போதும்.

புகையில்லா அடுப்பு புதுசு இல்லை. 1980-களில் நாடு முழுக்க ஊர் ஊராகக் கட்டினார்கள். எங்க வீட்டிலும் ஒன்று இருந்தது. குழாயில் கரி அடைத்தது, யாரும் தட்டிவிடவில்லை. புகை திரும்பி வீட்டுக்குள்ளேயே வந்தது. ஆத்தா ஒருநாள் இடித்துப்போட்டுப் பழைய அடுப்பையே போட்டுக்கொண்டாள். அந்தத் தப்பு எங்களுடையது.

ஆகவே கட்டப்போகிறவர்களுக்கு நாலு விஷயம். ஒன்று, உங்க பானையை வைத்துப் பார்த்து வாயின் அளவைப் போடுங்கள். இடைவெளி இருந்தால் புகை அதன் வழியே வரும். ரெண்டு, காய்ந்த விறகுதான் எரிக்கணும். பச்சை விறகுக்கு எந்த அடுப்பும் பதில் சொல்லாது. மூணு, குழாய் ஓலைக்கூரையைத் தொடக்கூடாது, சுற்றித் தகரம் வையுங்கள். நாலு, பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா குழாயில் கரி தட்டணும். அது ஆம்பளை வேலை என்று எங்க வீட்டில் முடிவாகிவிட்டது. ஞாயித்துக்கிழமை நான்தான் ஏறுகிறேன்.

இருமல் முழுசாகப் போகவில்லை. குறைந்திருக்கிறது. புது வீடு கட்டுகிறவர்கள் சாமி அறைக்கு இடம் விடுகிறார்கள், டிவிக்கு இடம் விடுகிறார்கள். விறகு எரியப்போகிற வீடு என்றால் புகைக்கும் ஒரு வழி விடுங்கள். கட்டுவதற்கு முன்னால், அடுப்பை ஊதப்போகிறவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.