திரும்பி வரத் தெரியுமா?

இமயமலைக்குப் போகிறவர்கள்மீது எனக்குக் கோபம் கிடையாது, பொறாமைதான் உண்டு. என் கோபமெல்லாம் அவர்கள் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறார்களே, அந்தப் பயணத் திட்டத்தின்மீதுதான்.

அப்படி ஒரு திட்டத்தைச் செங்கற்பட்டில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவருக்கு வேலை. அவரும் அலுவலக நண்பர்கள் பதினொரு பேரும் லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்கு வழியாகக் கூடாரமடித்து நடக்கப் போகிறார்கள். வழிகாட்டி, சமையற்காரர், மூட்டை சுமக்கக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஒரு கம்பெனி ஏற்பாடு செய்கிறது. மொத்தம் ஒன்பது நாள். முதல் நாள் லே நகரில் விமானத்திலிருந்து இறங்குவது. இரண்டாம் நாள் மடாலயங்களைச் சுற்றிப் பார்ப்பது. மூன்றாம் நாள் சில்லிங்கில் நடை ஆரம்பம். பிறகு ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர், நிமாலிங் என்று நாளுக்கொரு கூடாரம். ஏழாம் நாள் காலையில் சுமார் 5,200 மீட்டர் உயரமுள்ள கொங்மாரு கணவாயைத் தாண்டி இறங்கி, இரவே லே. எட்டாம் நாள் கடைவீதி. ஒன்பதாம் நாள் விமானம். எத்தனை மணிக்குத் தேநீர், ஒரு கூடாரத்துக்கு எத்தனை பேர், இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்ன சூப்பு என்பது வரைக்கும் அச்சிட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணச் சமையற்காரர்கூட இவ்வளவு துல்லியமாகப் பட்டியல் போடமாட்டார்.

"எல்லாம் சரி, தம்பி. திரும்புகிற நாள் எது?" என்று கேட்டேன்.

"ஒன்பதாம் நாள், சார். டிக்கெட்கூட வாங்கியாகிவிட்டது."

"அதைக் கேட்கவில்லை. வழியில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலோ, வானம் கெட்டுவிட்டாலோ, தங்கவும் திரும்பவும் எந்த நாளை வைத்திருக்கிறீர்கள்?"

அவர் காகிதத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், பதில் இருந்தது: 'பாதியில் விலகுகிறவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படமாட்டாது.'

அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

நம் மத்தியதர வர்க்கத்தின் மனசை அந்த வரியை எழுதியவர் நன்றாகப் படித்திருக்கிறார். காசு கொடுத்துவிட்டோமே என்பதற்காகத் தலைவலிக்கிற சினிமாவைக் கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் நாம். ஹோட்டலில் வயிறு நிறைந்த பிறகும் இலையில் இருப்பதை மீதி வைக்க மனசு வராதவர்கள். இப்படிப்பட்ட ஒருவனை, பல மாதச் சேமிப்பைக் கட்ட வைத்து, நாலாயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு கூடாரத்தில் படுக்கவைத்தால் என்ன ஆகும்? நடுநிசியில் தலை விண்விண் என்று தெறிக்கும். குமட்டும். தூக்கம் வராது. வழிகாட்டி காலையில் வந்து, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பார். "பேஷாக இருக்கிறேன்" என்பான். அந்தப் பொய்யைச் சொல்லவைப்பது அவன் வாய் அல்ல, பொடி எழுத்து.

இந்த இடத்தில் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். நாம் கடற்கரைப் பிரதேசத்து மனிதர்கள். மாமல்லபுரத்தில் அலை காலை நனைக்கிறது. செங்கற்பட்டும் கடல் மட்டத்துக்கு மேலே அதிகமாக ஒன்றும் எழும்பிவிடவில்லை. நமக்கு மலை என்றால் திருக்கழுக்குன்றம்தான். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை ஏறி வேதகிரீசுவரர் சந்நிதியில் மூச்சு வாங்க நின்றாலே பெருமையாக இருக்கிறது. லே நகரமோ சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 5,500 மீட்டருக்குப் போனால் பாதி. முதல் நாள் இரவு சமுத்திரக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தவன், மறுநாள் விமானத்தைவிட்டு இறங்கியதும் அந்த மெல்லிய காற்றுக்குள் நுழைகிறான். உடம்பு பழக நாளாகும். அதைப் பணம் கொடுத்துத் துரிதப்படுத்த முடியாது.

"நான் தினம் ஜிம்முக்குப் போகிறேன்" என்று மார்தட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். உயர்மலை நோய்க்கு உங்கள் புஜபலம் பொருட்டே அல்ல. பலசாலி வேகமாக ஏறுவான். வேகமாக ஏறுவதாலேயே சீக்கிரம் விழுவான். தலைவலியும் வாந்தியும் முதல் எச்சரிக்கை. அதை மதிக்காமல் மேலே போனால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். இரண்டும் உயிரை வாங்குபவை. பிராணவாயுக் குழாயும் மாத்திரையும் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும். ஆனால் தீர்வு ஒன்றுதான்: இறங்குவது. நோயாளியை உடனே, இரவானாலும், கீழே கொண்டுபோகவேண்டும்.

இதற்கு மருத்துவர்கள் வகுத்திருக்கும் கணக்கு மிக எளிது. 3,000 மீட்டருக்கு மேலே போனபிறகு, படுத்துறங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்கவேண்டும். இதை வைத்துக்கொண்டு நண்பரின் திட்டத்தைப் பாருங்கள். ஹங்கர் கிராமம் ஏறக்குறைய 4,000 மீட்டர். மறுநாள் இரவுக் கூடாரம் நிமாலிங்கில். அது 4,700 மீட்டருக்குக் குறையாது. ஒரே நாளில் எழுநூறு மீட்டர்! இரண்டுக்கும் நடுவே தச்சுங்ட்சே என்ற இடத்தில் ஓர் இரவு தங்கலாம்; விஷயம் தெரிந்தவர்கள் தங்குகிறார்கள். ஆனால் ஓர் இரவு கூடினால் விடுமுறை போதாது. ஆகவே தச்சுங்ட்சேயை வெட்டி எறிந்துவிட்டுக் கடைவீதிக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். மூச்சு விடுவதைவிடக் கம்பளிச் சால்வை வாங்குவது முக்கியம் போலும்!

"அதற்குத்தானே வழிகாட்டி வருகிறார்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. வழிகாட்டிக்கு நாம் எதற்காகக் கூலி கொடுக்கிறோம்? பாதையைக் காட்டவா? மார்க்கா பள்ளத்தாக்கில் ஆற்றங்கரையோடு போகும் பாதையைக் கண்ணுள்ளவன் யாரும் கண்டுபிடித்துவிடுவான். "போதும், திரும்புங்கள்" என்று சொல்லவேண்டிய வேளையில் சொல்வதற்காகத்தான் அவருக்குக் கூலி. ஆனால் அதைச் சொல்கிற அதிகாரத்தை நாம் அவரிடம் விட்டுவைத்திருக்கிறோமா? அவர் நாள் கூலிக்காரர். நாம் ஊர் திரும்பியதும் அவருக்கு எத்தனை நட்சத்திரம் போடலாம் என்று தீர்மானிப்பவர்கள். கணவாயைத் தாண்டவைத்தால் ஐந்து நட்சத்திரம். பாதியில் திருப்பினால் கம்பெனிக்குப் புகார். இப்படிக் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, "நீங்கள்தான் எங்கள் பாதுகாப்பு" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

கெட்டிக்கார வழிகாட்டிகளுக்கே இந்தக் கட்டு என்ன செய்யும் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் இருக்கிறது. 1996 மே மாதம் எவரெஸ்டில் ராப் ஹால் என்ற நியூசிலாந்துக்காரர் ஒரு குழுவை அழைத்துப்போனார். தலைக்கு 65,000 டாலர் வரை கட்டணம். பிற்பகல் ஒன்று, மிஞ்சினால் இரண்டு மணிக்கு மேல் யாரும் ஏறக்கூடாது என்று பேச்சு இருந்தது. முந்தின ஆண்டு அதே ஹால், உச்சிக்கு மிக அருகில் வந்துவிட்ட ஒருவரை நேரமாகிவிட்டது என்று திருப்பி அழைத்து வந்தார், அவரும் பிழைத்தார். அதே மனிதர் 1996ல் மறுபடியும் வந்தபோது, இன்னொரு முறை 'திரும்பு' என்று சொல்ல ஹாலுக்கு மனசு வரவில்லை. மாலை நாலு மணிக்கு மேல் உச்சியைத் தொட்டார்கள். இருவரும் திரும்பவில்லை. அந்தப் புயலில் மலையில் மாண்டவர்கள் 8 பேர். அன்று முற்பகலிலேயே, இனி நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று தாங்களாகவே திரும்பிய மூன்று பேர் பிழைத்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவர்களும் அதே கட்டணத்தைத்தான் கட்டியிருந்தார்கள்.

எவரெஸ்டு நமக்கு எட்டாத தூரம் என்று ஆறுதல் கொள்ளவேண்டாம். 2024 ஜூன் மாதம் உத்தராகண்டில் சகஸ்ர தால் ஏரிக்கு நடந்துபோன கர்நாடகக் குழுவில் 22 பேர் இருந்தார்கள். வானிலை கெட்டுப் பனிப்புயலில் சிக்கினார்கள். 9 பேர் இறந்தார்கள். அதற்கு முன் 2018 மார்ச் 11ஆம் தேதி நம் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத் தீ சுழன்றடித்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை அது கொண்டுபோயிற்று. பெரும்பாலும் படித்த, வேலைபார்க்கிற இளம் பிள்ளைகள். அதன்பிறகுதான் அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து, 40 பாதைகளில் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. காட்டுத் தீக் காலம் வந்தால் பாதைகளை மூடிவிடுகிறார்கள். 'இந்த மாதம் கிடையாது' என்று பூட்டிய கதவைக் கண்டு பலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பூட்டு ஒரு நல்ல வழிகாட்டியாகப் படுகிறது. அதற்கு யாரும் நட்சத்திரம் போட முடியாது அல்லவா?

வழிகாட்டியின் சொல்லை மதியாத இந்தக் குணம் மலையில் போய் முளைப்பதில்லை. நம் கரையிலேயே வேர்விட்டிருக்கிறது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் போய்ப் பாருங்கள். 'இங்கே குளிக்காதீர்கள்' என்று பலகை இருக்கும். பலகைக்குக் கீழேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குவார்கள். வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் மீனவர், "இன்றைக்கு இழுப்பு அதிகம், வேண்டாம் தம்பி" என்பார். பிறந்ததிலிருந்து அந்த அலையோடு பழகியவர் அவர். இருந்தாலும் அவரிடம் அடையாள அட்டை இல்லையே! 'இவர் யார் நமக்குச் சொல்ல?' என்ற அலட்சியம். பிறகு உடலைத் தேடக் கட்டுமரத்தோடு போகிறவரும் அதே மீனவர்தான்.

அந்தக் கரையிலேயே சுமார் தொண்ணூறு அடி நீளத்துக்கு ஒரு பாறை நிற்கிறது. பல்லவச் சிற்பிகள் ஏழாம் நூற்றாண்டில் இமயத்தையே கொண்டுவந்து அதில் செதுக்கினார்கள். அருச்சுனன் தபசு என்பார் சிலர், பகீரதன் தபசு என்பார் சிலர். எதுவானாலும், மலையில் வேண்டியதைப் பெறக் காத்திருந்தவன் கதை அது. எலும்பு தெரிய, ஒற்றைக் காலில், கையை உயர்த்தி நிற்கிறான். அதே பாறையில் ஒரு பூனையும் கையை உயர்த்தித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். அதற்கும் தோற்றமெல்லாம் தவசிதான். குறி மட்டும் வேறு. லேயில் இறங்கி எட்டாம் நாள் புகைப்படத்தோடு திரும்பத் துடிக்கிறவர்கள், அந்த இரண்டு உருவங்களில் தங்களுக்கு எது உறவு என்று ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம்.

திரும்புவது கோழைத்தனமா? 1960ல் நம் நாட்டு முதல் எவரெஸ்டுக் குழு உச்சிக்கு ஏறக்குறைய 700 அடி இருக்கும்போது காற்றுக்குப் பணிந்து திரும்பியது. 1962ல் போன குழு இன்னும் மேலே, ஏறக்குறைய 400 அடிக்குள் வந்து திரும்பியது. நானூறு அடி! திருக்கழுக்குன்றத்து மலையைவிடக் குறைவு. 1965ல் மூன்றாவது குழுவில் 9 பேர் உச்சியில் நின்றார்கள். அந்தக் குழுவின் தலைவர் எம். எஸ். கோலி, 1962ல் திரும்பியவர்களில் ஒருவர். அந்த ஒன்பதில் ஒருவரான சோனம் கியாட்சோ இரண்டு தடவையும் திரும்பியவர். மூன்றாவது தடவை ஏறுவதற்கு அவர் உயிரோடு இருந்தார். அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

நம் புராணமும் இதற்குச் சாட்சி சொல்கிறது. கயிலைக்குப் புறப்பட்ட அப்பர் சுவாமிகள், கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்தும் போனாராம். திரும்பிப் போ என்று சொல்ல இறைவனே முனிவர் வேஷத்தில் வரவேண்டியிருந்தது. ஒரு பொய்கையில் முழுகித் திருவையாற்றில் எழுந்தவர், தேடிப்போன காட்சியை அங்கேயே கண்டார். திருப்பி அனுப்பப்பட்டதால் அப்பருக்கு என்ன குறைந்துவிட்டது?

ஆகவே, போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள், ஆனால் திட்டத்தை வேறு மாதிரி எழுதுங்கள். முடிந்தால் ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாகச் சாலையில் ஏறுங்கள். முடியாமல் விமானத்தில் போனால் லேயில் மூன்று நாள் சும்மா இருங்கள். ஒன்றும் எழுதாத இரண்டு நாள்களைத் திட்டத்தில் விட்டு வையுங்கள். வழிகாட்டியின் சொல்லே முடிவு என்று புறப்படுவதற்கு முன் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். குதிரைக்காரருக்கும் சமையற்காரருக்கும் இன்ஷூரன்ஸ் உண்டா என்று விசாரியுங்கள்; அவர்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். பணம் கட்டுமுன் கம்பெனிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வருஷம் எத்தனை குழுக்களைப் பாதியில் திருப்பி அழைத்து வந்தீர்கள்?" "ஒன்றுகூட இல்லை, சார்!" என்று அவர் பெருமையோடு சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

ஊரிலிருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. 'பாதியிலேயே திரும்பிவிட்டானாமே' என்று தெருவில் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்புக்குப் பயந்தும் பிள்ளைகள் மேலே ஏறுகிறார்கள். கணவாயைத் தாண்டி வருகிறவனுக்கு நம் பாராட்டு தேவையில்லை. அவனிடம் புகைப்படம் இருக்கிறது. பாதியில் திரும்பி வருகிறவனுக்குத்தான் ரெயிலடிக்கு மாலையோடு போகவேண்டும்.