பாட்டும் ஒரு மருந்துதான்

தோட்டத் தோழர்களே! பால் வெட்டி ஓய்ந்து வந்த என் தாயார், லயத்தில் தொட்டிலை ஆட்டித் தாலாட்டுவார். தம்பி தூங்குவான், அவர் முகமும் தெளியும்.

இதிலே மாயமில்லை. பாடும்போது மூச்சு நீண்டு மெதுவாய் வெளியேறும். நெஞ்சுப் படபடப்பு தணியும். வாயை மூடி வண்டுபோல் "ம்ம்" என்று இழுத்தாலும் போதும். யோகத்தில் இதைத்தான் பிராமரி என்கிறார்கள்.

தோட்டங்கள் வீடமைப்புக்குப் போக, நம்மில் பலர் கிள்ளான் அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டோம். பாட்டை மட்டும் லயத்திலேயே விட்டுவிட்டோமே! அந்த இடத்தில் போத்தல் வந்து உட்கார்ந்துகொண்டது. பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலுக்குப் போய்த் தேவாரம் கேட்கிறோம். கேட்டால் மட்டும் போதுமா? வீட்டிலும் வாய்விட்டுப் பாடுங்கள்.

ஒன்று சொல்வேன்: பாட்டு மனத்தை ஆற்றும், சம்பளத்தை ஏற்றாது. அதற்கு 1954-இல் பிறந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருக்கிறது. அங்கேயும் வாயைத் திறக்கத்தான் வேண்டும்!