மின்துப்பாக்கியும் மனித உயிரும்

போலீசாரின் மின்துப்பாக்கி உயிரைப் பறிக்காத ஆயுதம் என்கிறார்கள். 2007 அக்டோபர் 14ஆம் நாள் கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் நடந்தது என்ன?

தாயுடன் வாழ வந்த போலந்துக்காரர் ராபர்ட் ஜெகான்ஸ்கி ஆங்கிலம் அறியாதவர். பல மணி நேரம் தவித்து, கலங்கிப்போய்ப் பொருள்களை வீசினார். வந்த நான்கு போலீசார் ஒரு நிமிடமும் பொறுக்கவில்லை. மின்துப்பாக்கியை ஐந்து முறை இயக்கினர். அவர் அங்கேயே மாண்டார். அச்செயல் நியாயமற்றது என 2010இல் பிரெய்ட்வுட் விசாரணை அறிக்கை கூறியது.

தோழர்களே! குண்டுக்குப் பதிலாக இக்கருவி வந்தால் உயிர் தப்பலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பேச்சுக்குப் பதிலாக அது வரலாகாது. மொழி தெரியாத நாட்டில் பிழைக்க வந்தவர் படும் பாட்டை நாம் அறிவோம். உயிருக்கு ஆபத்து நேரும் வேளையில் மட்டுமே அதை எடுக்கலாம் எனச் சட்டம் விதிக்கட்டும். ஒவ்வொரு முறைக்கும் போலீசார் கணக்குச் சொல்லட்டும்!